‘கேன்சல்’ பட்டனை ஒளித்து வைப்பவர் நல்ல டிசைனரா? அரிஸ்டாட்டிலிடம் கேட்டுப் பார்ப்போம்

அமேசான் பிரைம் சந்தாவை ரத்து செய்யும் வழிக்கு அந்த நிறுவனத்துக்குள் ஒரு பெயர் இருந்தது: ‘இலியட்’. ஆமாம், ஹோமரின் அதே கிரேக்கக் காவியம்தான். பத்து வருஷம் முடியாமல் இழுத்த டிராய் போரைப் பற்றியது. (காவியம் சொல்வது அந்தப் பத்தாவது வருஷத்தின் சில வாரங்களை மட்டும்தான். ஆனால், பெயர் வைத்தவர் மனதில் இருந்தது அதன் நீளம்தான் போல.)

2023 ஜூனில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன், அதாவது எஃப்.டி.சி., அமேசான் மீது தொடர்ந்த வழக்கின் மனுவில் இந்தப் பெயர் இருக்கிறது. பிரைமில் சேர ஓரிரு கிளிக் போதும். விலக வேண்டுமென்றால் 4 பக்கம், 6 கிளிக், 15 தேர்வுகளைத் தாண்ட வேண்டும் என்பது குற்றச்சாட்டு. அமேசான் இதை மறுத்தது. 2025 செப்டம்பரில் விசாரணை தொடங்கிய சில நாள்களிலேயே 250 கோடி டாலருக்கு சமரசம் செய்துகொண்டது. இதில் 100 கோடி அபராதம், 150 கோடி வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர வேண்டிய பணம். தப்பு செய்ததாக நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை.

வழக்கு முடிந்துவிட்டது. நம்ம கேள்வி வேற. அந்த 4 பக்கங்களையும் யாரோ உட்கார்ந்து வரைந்திருக்கிறார்கள். பட்டன் எந்த நிறம், எழுத்து எவ்வளவு பெரிசு, எந்த வரி மேலே, எந்த வரி கீழே என்று யோசித்திருக்கிறார்கள். அது சாதாரண வேலை இல்லை. மனிதர்களின் கண் எங்கே போகும், எந்த இடத்தில் சலித்துப்போய் விட்டுவிடுவார்கள் என்பதெல்லாம் தெரிந்தவரால்தான் முடியும். அவர் திறமையான டிசைனர், சந்தேகமே இல்லை. நல்ல டிசைனரா?

‘திறமை’யும் ‘நல்ல’வும் ஒன்றா வேறா என்று 2,300 வருஷத்துக்கு முன்னாடி ஒருவர் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார். அவர் அரிஸ்டாட்டில். அவருடைய ‘நிகோமாகியன் எதிக்ஸ்’ நூலை இன்றைய டிசைன் டீம்களின் மேஜைக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

மூன்று விதமாகக் கேட்கலாம்

ஒரு செயல் சரியா தப்பா என்று பார்க்க, தத்துவத்தில் மூன்று பெரிய வழிகள் உண்டு. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், செமினார் எடுக்கப் போவதில்லை.

பெந்தம், மில் வழியில் வந்தவர்கள் விளைவைப் பார்ப்பார்கள். இந்த பட்டனை மறைத்தால் எத்தனை பேருக்கு நஷ்டம், எத்தனை பேருக்கு லாபம்? கான்ட் வழியில் வந்தவர்கள் விதியைப் பார்ப்பார்கள். ஏமாற்றுவது எந்தச் சூழலிலும் தப்பு, அவ்வளவுதான். இன்றைய ஆபீஸ்களில் இந்த இரண்டும்தான் வேறு பெயர்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. முதலாவது ‘மெட்ரிக்ஸ்’ ஆகிவிட்டது. இரண்டாவது ‘கம்ப்ளையன்ஸ்’ ஆகிவிட்டது. நம்பர் ஏறுதா? லீகல் டீம் ஓகே சொல்லிட்டாங்களா? அப்போ ஷிப் பண்ணிடலாம்.

மூன்றாவது வழி கேட்பது வேற மாதிரி. இதைத் திரும்பத் திரும்பச் செய்கிற ஆள், எப்படிப்பட்ட ஆளாக மாறுவார்?

இதைத்தான் நற்பண்பு அறவியல் என்கிறார்கள். பல நூற்றாண்டுகள் பின்னுக்குப் போயிருந்த இந்தப் பார்வை, 1958-ல் எலிசபெத் ஆன்ஸ்கோம் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பிறகு மறுபடியும் பேசப்பட ஆரம்பித்தது. 2016-ல் ஷானன் வாலர் தன்னுடைய ‘டெக்னாலஜி அண்ட் தி வர்ச்சூஸ்’ புத்தகத்தில் இதை நேராகத் தொழில்நுட்பத்தின் பக்கம் திருப்பினார்.

இங்கே ஒரு வார்த்தைச் சிக்கல். கிரேக்கத்தில் ‘அரெட்டே’ என்ற சொல்லைத் தமிழில் ‘நற்பண்பு’ என்று எழுதினால், உடனே பள்ளிக்கூடத்து நீதிபோதனை வகுப்பு ஞாபகம் வரும். அரெட்டே அவ்வளவு சாதுவான சொல் இல்லை. எந்த ஒன்றும் தன் வேலையைச் சிறப்பாகச் செய்ய வைக்கும் குணம் எதுவோ அதுதான் அரெட்டே. கத்திக்கு அரெட்டே கூர்மை. கண்ணுக்கு அரெட்டே தெளிவான பார்வை. இந்த விதத்தில் பார்த்தால் டிசைனர்களுக்கு இது ரொம்பப் பக்கத்துச் சொல். ஒரு பொருள் எதற்காக இருக்கிறது, அதை நன்றாகச் செய்கிறதா என்பதுதானே அவர்கள் தினமும் கேட்பது?

கட்டக் கட்டக் கொத்தனார்

அரிஸ்டாட்டிலுக்கு உதாரணம் சொல்ல வந்தால் கைத்தொழில்தான் முதலில் வரும். வீடு கட்டித்தான் கொத்தனார் ஆகிறோம், யாழ் வாசித்துத்தான் யாழ் கலைஞர் ஆகிறோம், அதுபோல நேர்மையான காரியங்களைச் செய்துதான் நேர்மையானவர் ஆகிறோம் என்பது அவருடைய வாதம். நல்லவராகப் பிறந்து நல்லது செய்வதில்லை. செய்யச் செய்யத்தான் ஆகிறோம்.

பலரும் இதோடு நிறுத்திவிடுவார்கள். அவர் அடுத்து சொல்வதுதான் உறுத்தும். அதே கட்டும் வேலையில்தான் மோசமான கொத்தனாரும் உருவாகிறார். இரண்டு பேருக்கும் பயிற்சி ஒன்றுதான், செய்த விதம்தான் வேறு.

இதை ஒரு ஜூனியர் டிசைனரின் முதல் இரண்டு வருஷத்தில் வைத்துப் பாருங்கள். “இந்த செக்பாக்ஸை முன்கூட்டியே டிக் பண்ணி வெச்சிடு” என்று ஒரு வேலை வருகிறது. சின்ன விஷயம். அடுத்த மாதம் “கவுன்ட்டவுன் டைமர் போடு, டைம் முடிஞ்சா மறுபடி ஆரம்பிக்கட்டும்.” அதற்கடுத்து “ ‘வேண்டாம்’ லிங்க்கை வெளிர் சாம்பல் கலர்ல போடு.” எதுவும் பெரிய பாவம் இல்லை. ஆனால் இரண்டு வருஷம் கழித்து, ஒரு புதுத் திரையைப் பார்த்தவுடனே அவருடைய கை தானாகவே எங்கே போகும்? பயனரின் சலிப்பு எந்த இடத்தில் இருக்கிறதோ அங்கே. அவருக்கே தெரியாமல் கண் அப்படிப் பழகியிருக்கும்.

அரிஸ்டாட்டிலின் கணக்கில் அந்த இரண்டு வருஷத்தின் இழப்பு ஏமாந்த வாடிக்கையாளரின் பணம் மட்டும் இல்லை. அந்த டிசைனரின் கண்ணும் அதில் சேரும். மெட்ரிக்ஸ் டேஷ்போர்டில் இதற்கு ஒரு கட்டமும் கிடையாது.

கெட்டிக்காரத்தனம் வேற, விவேகம் வேற

‘நிகோமாகியன் எதிக்ஸ்’ ஆறாவது புத்தகத்தில் அவர் ஒரு கோடு போடுகிறார். ஒரு பக்கம் ‘டெக்னே’, அதாவது ஒரு பொருளைச் செய்யும் திறமை. இன்னொரு பக்கம் ‘ஃப்ரொனேசிஸ்’, நல்ல வாழ்க்கைக்கு இந்த நேரத்தில் எது சரி என்று கண்டுபிடிக்கும் விவேகம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே சோதனையில் காட்டுகிறார். வேண்டுமென்றே தப்பாகச் செய்து பாருங்கள் என்கிறார்.

ஒரு தச்சர் வேண்டுமென்றே ஆடுகிற நாற்காலி செய்கிறார். அவருடைய திறமை போய்விட்டதா? இல்லை. தெரியாமல் ஆடுகிற நாற்காலி செய்தவரைவிட இவர் கைகாரர்தான். ஆனால் தெரிந்தே ஒருவரை வஞ்சித்தவரைப் பார்த்து, ‘தெரியாமல் செய்தவரைவிட இவர் விவேகி’ என்று சொல்வோமா? மாட்டோம். விவேகத்தில் வேண்டுமென்றே செய்த தப்புக்குத்தான் எடை அதிகம்.

கேன்சல் பட்டனுக்கு இந்தச் சோதனையை வைத்துப் பார்க்கலாம். பட்டன் தெரியாத்தனமாக ஒளிந்துகொண்டால் அது மோசமான யூ.எக்ஸ். தெரிந்தே ஒளித்தால் அது நேர்த்தியான யூ.எக்ஸ்., மோசமான செயல். 2010-ல் ஹாரி பிரிக்னல் என்ற பிரிட்டன் யூ.எக்ஸ். வல்லுநர் ‘டார்க் பேட்டர்ன்’ என்று ஒரு பெயரை உருவாக்கினார். அந்தப் பெயர் தேவைப்பட்டதற்குக் காரணமே இதுதான். கத்துக்குட்டி வேலையைத் திட்ட ஏற்கெனவே ஆயிரம் சொல் இருந்தது. கைதேர்ந்தவர்கள் செய்யும் கெட்ட வேலைக்குத்தான் பெயர் இல்லாமல் இருந்தது.

அரிஸ்டாட்டிலிடம் மூன்றாவது சொல் ஒன்றும் இருக்கிறது: ‘டைனோட்டீஸ்’. நம்ம ஊர் ‘கெட்டிக்காரத்தனம்’ இதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். எந்தக் குறியைக் கொடுத்தாலும் அடித்துவிடும் சாமர்த்தியம். குறி நல்லதாக இருந்தால் பாராட்டு, கெட்டதாக இருந்தால் அது எதற்கும் துணிந்த தந்திரம் என்கிறார். ஏ/பி டெஸ்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு டிசைனில் எது அதிக கிளிக் வாங்கும் என்று அது துல்லியமாகச் சொல்லும். அந்த கிளிக் வாங்கத் தகுந்ததா என்று அதனிடம் கேட்க முடியாது. கெட்டிக்காரத்தனத்தை மெஷினிடம் கொடுத்தாயிற்று. மிச்சம் இருக்கும் வேலை குறியைத் தேர்ந்தெடுப்பது. அதை ரிவ்யூ மீட்டிங்கில் யாரும் பேசுவதில்லை, ஏனென்றால் அது ஏற்கெனவே காலாண்டு இலக்காக எழுதி வைக்கப்பட்டிருக்கும்.

பழக்கம் உண்டாக்குவது யார் வேலை?

2014-ல் நிர் எயால் எழுதிய ‘ஹூக்ட்’ வெளிவந்தது. பயனர்களுக்குப் பழக்கமாகிப் போகும் பொருள்களை எப்படி உருவாக்குவது என்பதுதான் அந்தப் புத்தகம் சொல்லித் தருவது. ஸ்டார்ட்அப் உலகில் பாதிப் பேர் படித்திருப்பார்கள், படிக்காதவர்களும் படித்த மாதிரி பேசுவார்கள். அதே எயால் 2019-ல், கவனம் சிதறாமல் இருப்பது எப்படி என்று ‘இன்டிஸ்ட்ராக்டபிள்’ என்ற புத்தகமும் எழுதினார். இரண்டையும் அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் நல்ல காமெடி.

அரிஸ்டாட்டில் இதைப் பார்த்திருந்தால் ‘பழக்கம்’ என்ற சொல்லில் நின்றிருப்பார். ‘எதிக்ஸ்’ என்ற சொல்லே பழக்கத்தைக் குறிக்கும் ‘எதோஸ்’ என்ற சொல்லை லேசாக மாற்றி வந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். குணம் என்பது பழக்கத்தின் விளைவு என்றால், மக்களுக்குப் பழக்கங்களை உண்டாக்குவது எவ்வளவு பெரிய பொறுப்பு! அதை அவர் யாரிடம் கொடுக்கிறார் தெரியுமா? சட்டம் இயற்றுபவர்களிடம். குடிமக்களிடம் நல்ல பழக்கங்களை வளர்த்து அவர்களை நல்லவர்களாக்குவதுதான் ஒவ்வொரு சட்டமியற்றுபவரின் நோக்கம் என்கிறார். அதை நன்றாகச் செய்த அரசமைப்பு நல்லது, சொதப்பியது கெட்டது, அவ்வளவுதான் அளவுகோல்.

காலையில் எழுந்ததும் கை முதலில் எங்கே போக வேண்டும், சலிப்பு வந்தால் கட்டைவிரல் எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்பதெல்லாம் இன்று யார் முடிவு செய்வது? எந்தச் சட்டசபையும் இல்லை. அரிஸ்டாட்டிலின் கணக்கில் ஒரு பிராடக்ட் டீம் செய்துகொண்டிருப்பது சட்டமியற்றும் வேலை. யாரும் ஓட்டுப் போட்டு அவர்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவர்களுக்கே தாங்கள் அதைச் செய்கிறோம் என்று தெரியாமலும் இருக்கலாம்.

ஆஸா ராஸ்கினின் கதை இதற்கு நல்ல சாட்சி. 2006-ல் அவர் ‘இன்ஃபினிட் ஸ்க்ரோல்’ முறையை உருவாக்கினார். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. தேடல் முடிவுகளில் ‘அடுத்த பக்கம்’ என்று ஒவ்வொரு முறையும் அழுத்துவது தொல்லை, அதை எடுத்துவிட்டால் பயனருக்கு வசதி என்று நினைத்தார். ஒரு தேடலுக்கு அது உண்மையிலேயே வசதிதான். ஆனால் சோஷியல் மீடியா அதை எடுத்துக்கொண்டது. ‘அடுத்த பக்கம்’ பட்டனில் ஒரு நொடி நின்று, ‘போதும்பா’ என்று போனைக் கீழே வைக்கும் வாய்ப்பு இருந்தது. அந்த நொடி காணாமல் போய்விட்டது. ராஸ்கின் பின்னாளில் வெளிப்படையாகவே வருத்தம் தெரிவித்தார். டிரிஸ்டன் ஹாரிஸுடன் சேர்ந்து ‘சென்டர் ஃபார் ஹியூமேன் டெக்னாலஜி’யையும் தொடங்கினார்.

அந்த ஒரு நொடிக்கும் அரிஸ்டாட்டிலிடம் இடம் உண்டு. நல்லது எது என்று தெரிந்தும் அதைச் செய்ய முடியாமல் போகும் நிலையை அவர் ‘அக்ரேசியா’ என்கிறார். ஏழாவது புத்தகத்தில் பெரும் பகுதி இதைப் பற்றித்தான். ராத்திரி 12 மணிக்குத் தூங்கணும் என்று தெரிந்தும் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருக்கிறோமே, அதேதான். இந்தப் பலவீனம் மனிதனுக்கு எப்போதும் உண்டு. ஆனால் அதையே குறிவைத்து, அளந்து, வாரா வாரம் மேம்படுத்தும் ஒரு தொழில் இருக்கும் என்று அவர் கற்பனை செய்திருக்க மாட்டார்.

நடு என்றால் சராசரி இல்லை

“அப்போ நோட்டிஃபிகேஷனே அனுப்பக் கூடாதா? எல்லா இடத்திலும் ‘நிச்சயமா?’ன்னு கேட்டுக்கிட்டே இருக்கணுமா?” என்று கேட்கத் தோன்றும். அரிஸ்டாட்டிலின் பிரபலமான ‘நடுவழி’ இங்கேதான் வருகிறது. பெரும்பாலானவர்கள் தப்பாகப் புரிந்துகொள்வதும் இதைத்தான்.

அவரே சொல்லும் உதாரணம் சாப்பாடு. பயிற்சியாளர் ஒருவருக்கு 10 பங்கு உணவு அதிகம், 2 பங்கு குறைவு என்று தெரியும். அதற்காக எல்லாருக்கும் 6 பங்கு என்று எழுதிக் கொடுத்துவிட மாட்டார். மைலோ என்ற புகழ்பெற்ற மல்லனுக்கு 6 பத்தாது. இப்போதுதான் பயிற்சிக்கு வந்த பையனுக்கு அது ஜாஸ்தி. நடு என்பது ஆளைப் பொறுத்தது, நேரத்தைப் பொறுத்தது, எதற்காக என்பதைப் பொறுத்தது. ரயில் பிளாட்ஃபார்ம் மாறியதைச் சொல்லும் மெசேஜ் ஒரே மணி நேரத்தில் மூன்று முறை வந்தாலும் நல்லது. ஆஃபர் மெசேஜ் வாரத்துக்கு ஒன்று வந்தாலே எரிச்சல்.

உறுதிப்படுத்தும் படிகளும் அப்படித்தான். 2020 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் சிட்டி பேங்க், ரெவ்லான் நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்குச் சில மில்லியன் டாலர் வட்டி மட்டும் அனுப்ப வேண்டியிருந்தது. ஆனால் கிட்டத்தட்ட 90 கோடி டாலர் போய்விட்டது. மூன்று பேர் பார்த்து ஒப்புதல் கொடுத்த பரிமாற்றம் அது! அசல் தொகை வெளியே போகாமல் தடுக்க அந்த மென்பொருளில் மூன்று கட்டங்களை நிரப்ப வேண்டும், அவர்கள் ஒன்றைத்தான் நிரப்பியிருந்தார்கள். மூன்று பேருக்குமே ஒன்று போதும் என்ற நினைப்பு. பணத்தைத் திரும்ப வாங்க 2022 வரை கோர்ட் படி ஏற வேண்டியிருந்தது. அங்கே படிகள் குறைவு என்று சொல்ல முடியாது. பணம் எங்கே போகிறது என்பதைப் புரிய வைக்கும் படிதான் இல்லை.

இதனால்தான் ‘எத்தனை கிளிக் வைக்கலாம்?’ என்ற கேள்விக்கு ஒரு செக்லிஸ்ட்டால் பதில் சொல்ல முடியாது. அரிஸ்டாட்டில் லெஸ்போஸ் தீவின் கொத்தனார்களைப் பற்றிச் சொல்கிறார். அவர்களிடம் ஈயத்தில் செய்த அளவுகோல் இருந்தது. கல்லின் வளைவுக்கு ஏற்ப அதுவும் வளையும். பொதுவான விதி பொருந்தாத இடத்தில் நியாயம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு அவர் கொடுத்த படம் அது. கல்லைத் தொட்டுப் பார்த்தவர் கையில்தான் அது அளவுகோல், மற்றவர் கையில் வெறும் ஈயத்துண்டு.

‘அவங்களுக்காக நாம டிசைன் பண்றதில்லை’

கல்லைத் தொட்டுப் பார்ப்பது என்றால் என்ன? இதற்கு நான் கேள்விப்பட்டதிலேயே சிறந்த பதில் பாட்ரிசியா மூர்.

1970-களின் கடைசி. நியூயார்க்கில் ரேமண்ட் லோவியின் புகழ்பெற்ற டிசைன் நிறுவனத்தில் மூர் வேலை பார்க்கிறார். வயது இருபதுகளில். ஃப்ரிட்ஜ் பற்றிய ஒரு மீட்டிங்கில், கைமூட்டு வலி உள்ளவர்களும் எளிதாகத் திறக்கிற மாதிரி கதவை அமைக்கலாமே என்று கேட்கிறார். ‘அந்த மாதிரி ஆள்களுக்காக நாம டிசைன் பண்றதில்லை’ என்ற தொனியில் பதில் வந்தது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அவர் ஸ்லைடு தயாரித்து வாதாடவில்லை. 1979-ல் இருந்து 1982 வரை, மேக்கப் போட்டுக்கொண்டு 80 வயதுப் பாட்டியாக வாழ்ந்து பார்த்தார். பார்வை மங்கும்படியான கண்ணாடி, காதில் அடைப்பு, மூட்டுகள் மடங்காதபடி கட்டு. இப்படியே வட அமெரிக்காவில் நூறுக்கும் மேற்பட்ட நகரங்களுக்குப் போனார். பஸ் ஏறினார், கடைக்குப் போனார், கதவுகளோடு மல்லுக்கட்டினார். ஒருமுறை அவரைத் தாக்கி வழிப்பறியும் செய்தார்கள். எல்லா வயதினருக்கும் பொருந்தும் டிசைன் என்ற சிந்தனையின் முன்னோடிகளில் ஒருவராக அவர் இன்று மதிக்கப்படுகிறார்.

1990-ல் வந்த ‘ஆக்ஸோ குட் கிரிப்ஸ்’ காய் சீவியின் பின்னாலும் இப்படி ஒரு பார்வை உண்டு. சாம் ஃபார்பர் தன் மனைவி பெட்ஸி மூட்டுவலியோடு காய் தோல் சீவக் கஷ்டப்படுவதைப் பார்த்தார். தடித்த, மெத்தென்ற கைப்பிடி அங்கிருந்துதான் வந்தது. மூட்டுவலி இல்லாதவர்களும் அதையே வாங்க ஆரம்பித்தார்கள்.

விவேகத்தைப் பற்றி எழுதும்போது அரிஸ்டாட்டில் அடிக்கடி ‘பார்ப்பது’ என்ற இடத்துக்கு வந்து நிற்பார். பொதுவான உண்மைகள் எல்லாருக்கும் தெரியும், முன்னால் நிற்கிற இந்த ஒரு விஷயத்தைச் சரியாகப் பார்ப்பதற்குத்தான் அனுபவம் வேண்டும் என்பார். ஆனால் அவர் கண்ணிலேயே பெரிய குருட்டுப் பகுதி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அடிமை முறை இயற்கையானது என்று வாதிட்டவர் அவர். அடிமையை ‘உயிருள்ள கருவி’ என்று எழுதினார். பெண்களுக்கு அவருடைய நல்ல வாழ்க்கையில் சம இடம் கிடையாது. வேடிக்கை என்னவென்றால், தறியின் நாடா தானாகவே நெய்யும் என்றால் எஜமானர்களுக்கு அடிமைகளே தேவைப்பட மாட்டார்கள் என்றும் அவரேதான் ‘பாலிடிக்ஸ்’ நூலில் எழுதியிருக்கிறார். தானியங்கி இயந்திரம் வரை கற்பனை ஓடியது, பக்கத்தில் நிற்கும் மனிதரைப் பார்க்க முடியவில்லை. லோவி ஆபீஸ் மீட்டிங்கில் வந்த பதிலும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

நல்லவரா இருந்தா போதுமா?

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு பெரிய எதிர்க்கேள்வி இருக்கிறது. பதில் சொல்வது சுலபமும் இல்லை.

1973-ல் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பிரின்ஸ்டனில் பாதிரியார் ஆகப் படிக்கும் மாணவர்களை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் பேச அனுப்பினார்கள். சிலருக்குக் கொடுத்த தலைப்பே அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. வழியில் ஒரு ஆள் சரிந்து உட்கார்ந்து இருமிக்கொண்டிருப்பார். அவரும் சோதனையின் பகுதிதான். நின்று உதவியவர்கள் எத்தனை பேர்? நேரம் நிறைய இருக்கிறது என்று நினைத்தவர்களில் 63 சதவீதம். ‘லேட் ஆயிடுச்சு, சீக்கிரம் போங்க’ என்று அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம். சமாரியன் கதை பேசப் போகிறோமா இல்லையா என்பது பெரிதாக வித்தியாசத்தை ஏற்படுத்தவில்லை.

ஜான் டோரிஸ், கில்பர்ட் ஹார்மன் மாதிரியான தத்துவவாதிகள் இந்த மாதிரிச் சோதனைகளை எடுத்துக்கொண்டு, குணம் குணம் என்று பேசுகிறோமே, உண்மையில் சூழல்தான் நம்மை ஆட்டி வைக்கிறது என்று வாதிட்டார்கள். இரண்டு வார ஸ்பிரின்ட்டில் ஓடுகிற யாருக்கும் இது உடனே புரியும். வெள்ளிக்கிழமை ராத்திரி ரிலீஸ் என்றால் எல்லாருமே லேட் ஆன பாதிரியார் மாணவர்கள்தான்.

அதோடு சம்பளம் இருக்கிறது, இஎம்ஐ இருக்கிறது. ஒரு ஜூனியர் ‘இந்த பட்டன் தப்பு’ என்றால் வேறொரு ஜூனியர் அதை வரைவார். எஃப்.டி.சி. மனுவின்படி, அமேசானுக்குள்ளும் பிரச்சனையைச் சுட்டிக்காட்டிய ஊழியர்கள் இருந்தார்கள். எளிதாக ரத்து செய்ய உதவும் மாற்றங்களை, வருமானம் குறையும் என்பதால் தலைமை தள்ளிப்போட்டது அல்லது நிராகரித்தது என்பதுதான் குற்றச்சாட்டே. தனி ஆளின் நல்ல குணம் அந்தக் கட்டடத்தில் இல்லாமல் இல்லை.

என் கருத்தில், அந்தச் சோதனை அரிஸ்டாட்டிலைத் தோற்கடிப்பதைவிட டிசைனர்களின் சுமையைக் கூட்டுகிறது. சூழல்தான் மனிதரை ஆட்டி வைக்கிறது என்றால், திரைக்குள் இருக்கும் சூழலைச் செய்பவர் யார்? ‘2 அறைகள் மட்டுமே மீதம், 7 பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்’ என்று ஒரு வரி எழுதும்போது நடப்பது, அந்த மாணவர்களிடம் ‘லேட் ஆயிடுச்சு’ என்று சொன்ன அதே வேலைதான்.

தனி ஆள் போதாது என்பது அரிஸ்டாட்டிலுக்கும் தெரியும். ‘நிகோமாகியன் எதிக்ஸ்’ கடைசிப் பக்கங்களில் அவர் போய் நிற்பது சட்டத்தில்தான். வாதத்தால் மட்டும் மனிதர்கள் மாறிவிட மாட்டார்கள், நல்ல பழக்கத்துக்குச் சட்டத்தின் துணை வேண்டும் என்று சொல்லித்தான் அந்த நூல் அரசியலுக்குள் கால் வைக்கிறது.

இந்தியாவில் அந்தத் துணை 2023 நவம்பர் 30-ல் வந்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் டார்க் பேட்டர்ன்களைத் தடுக்கும் வழிகாட்டுதலை அறிவிக்கையாக வெளியிட்டு, 13 வகைகளைப் பட்டியலிட்டது. பொய்யான அவசரம், கேட்காமலே கூடையில் பொருள் சேர்ப்பது, சந்தாப் பொறி எல்லாம் அதில் உண்டு. ‘வேண்டாம்’ சொல்பவரை வெட்கப்பட வைப்பதும் ஒரு வகை. விமான டிக்கெட்டில் இன்ஷூரன்ஸை மறுக்க, ‘நான் பாதுகாப்பில்லாமலே இருக்கிறேன்’ என்று எழுதிய பட்டனை அழுத்த வைப்பதை அந்த வழிகாட்டுதலே உதாரணமாகச் சொல்கிறது. 2025 ஜூனில் ஆன்லைன் வணிகத் தளங்கள் தங்களைத் தாங்களே தணிக்கை செய்துகொள்ள 3 மாத அவகாசம் கொடுத்தார்கள். தணிக்கைத் தாளில் டிக் போட உட்காருபவரும் ஒரு டிசைனராகத்தான் இருப்பார். 13-ல் எதிலும் சிக்காத 14-வது வகையை அவரால் கண்டுபிடிக்க முடியும். முன்பு சொன்ன அந்தக் கெட்டிக்காரத்தனம் வேலை செய்ய இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

அமேசான் சமரசத்திலும் இப்படிச் சில வரிகள் இருக்கின்றன. பிரைம் வேண்டாம் என்று சொல்லத் தெளிவாகத் தெரியும் பட்டன் வேண்டும். ‘எனக்கு இலவச ஷிப்பிங் வேண்டாம்’ என்ற அர்த்தத்தில் அதில் எழுதக் கூடாது. சேர்ந்த அதே வழியில், சிரமமில்லாமல் விலகவும் முடிய வேண்டும். ‘தெளிவாக’ என்றால் எத்தனை பிக்ஸல், எந்த நிறம், கட்டைவிரல் எட்டும் இடமா இல்லையா, பட்டன் மேல் என்ன வார்த்தை என்பதையெல்லாம் சமரச உத்தரவில் எழுதி முடித்துவிட முடியாது. அந்த வேலை ஒரு டிக்கெட்டாக ஏதோ ஒரு டிசைனரின் போர்டுக்கு வந்து சேரும்.